புள்ளிக் கோழி

ஆர்வோ சாலோவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரெல்லாம் பேசியபோது, அதெல்லாம் பொய் என்று அடித்துச் சொல்லக்கூடிய ஆள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள். அது நான்தான். ஏழு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். பயம் ஒரு பக்கம், அசிங்கம் ஒரு பக்கம்.

கேலி ஆரம்பித்தது கார்டியின் தூண்டில் கடையில். காலைக் காபிக்கு நாலு பேர் கூடும் இடம் அதுதான். ஜனவரியில் ஆர்வோ பனிவண்டியோடு கெட்டில் ஏரிக்குள் விழுந்து, பிழைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அங்கே வந்து உட்கார்ந்து ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏரி வரைபடத்தில் தீவுக்குத் தெற்கே கோழி உருவத்தில் ஒரு புள்ளிக் கூட்டம் இருந்ததாம். அந்த இடத்தில் அடியில் ஊற்று, எந்தக் குளிரிலும் ஐஸ் கெட்டிப்படாது. புது வரைபடத்தில் அந்தக் கோழியைக் காணோம். பழைய தாளின் பொடிப் புள்ளிகளை உற்றுப் பார்த்து நினைவில் வைத்தவர் ஊரில் வேறு யாரும் இல்லை.

"கோழியா? முட்டை ஏதாவது போட்டுச்சா பெரியவரே?" என்றான் கார்டி.

"சிரிக்காதடா. தலை கிழக்க, வால் மேற்க. இருபத்தஞ்சு வருஷமா அதைச் சுத்தித்தான் போயிருக்கேன்."

"அப்ப அது பறந்து ஃப்ளோரிடா போயிருக்கும். குளிர் தாங்காம எல்லாரும் அங்கதானே ஓடுறாங்க!"

கடையே சிரித்தது. நானும் கையில் காபியோடு அங்கே நின்றிருந்தேன். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நான் வெர்னா டிரூடெல். கிளைட் டிரெம்பாத்தின் அச்சகத்தில் பதினெட்டு வருஷமாக வேலை. ஒரு தாள் மிஷினுக்குப் போகுமுன் அதற்கு நடக்கவேண்டிய எல்லாமே என் கையில்தான் நடக்கும். சர்ச் அறிக்கை, பள்ளிக்கூட நாடகத்துக்கு டிக்கெட், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் வரும். ஆனால் எங்களுக்குப் பேர் வாங்கித் தந்தது வரைபடம். சுற்றுவட்டாரத்தில் எந்த ஏரி, எந்த வேட்டைக்காடு என்றாலும் எங்களிடம்தான் வருவார்கள். டிரூடெல் செய்தால் தப்பு இருக்காது என்பார்கள். அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

தொண்ணூற்றேழாம் வருஷம், பனிவண்டிச் சங்கம் கெட்டில் ஏரியின் பழைய வரைபடத்தைப் புதிதாக அச்சிடச் சொன்னது. அச்சுக்கு எடுத்த பழைய பிலிமெல்லாம் எங்கள் கடையின் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்தபோதே நாசமாகிவிட்டது. எங்களிடம் மிஞ்சியது எழுபத்தொன்றில் அச்சான ஒரே ஒரு தாள். அதிலும் யாரோ மகராசன் காபிக் கோப்பை வைத்து வட்டம் வட்டமாகக் கறை பண்ணியிருந்தான்.

புள்ளி விஷயத்தைச் சொல்லாவிட்டால் என் குற்றம் உங்களுக்குப் புரியாது. வரைபடத்தில் ஏரி வெளிர்நீலமாகத் தெரிகிறதே, அங்கே வெளிர்நீல மை என்று ஒன்று கிடையாது. இருப்பது ஒரே நீல மை. அதைப் பொடிப் பொடிப் புள்ளிகளாக அடித்து நடுவே வெள்ளைத் தாளை விட்டுவிட்டால் பார்க்கிறவர் கண் ஏமாந்து வெளிர்நீலம் என்று எடுத்துக்கொள்ளும். புள்ளி பெரிதானால் நிறம் கூடும், சிறிதானால் வெளிறும். எங்கள் பிழைப்பே இந்தக் கண்கட்டு வேலைதான். பழைய தாளை ஸ்கேன் செய்தால் அந்தப் பழைய புள்ளிகளும் கூடவே வந்துவிடும். அவற்றின்மேல் கம்ப்யூட்டர் தன் புள்ளிகளையும் போட்டால் வந்தது வினை. ஜன்னல் கொசுவலை இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் நெளியுமே, அப்படி ஏரி முழுக்க அலை அலையாக நெளியும். அதனால் முதலில் பழைய புள்ளிகளைக் கரைத்துவிட வேண்டும். அதற்கு ஒரு வசதி கம்ப்யூட்டரில் உண்டு. லேசு, நடுத்தரம், பலம் என்று மூன்று அளவு.

அன்றைக்கு நவம்பர் பதினாலு, வெள்ளிக்கிழமை. மறுநாள் மான் வேட்டை தொடக்கம். என் தம்பிகள் இருவரும் காட்டுக் குடிலுக்கு முன்னாடியே போய்விட்டார்கள். கறியும் கிழங்கும் வைத்து நான் சுட்ட இருபது பாஸ்டி என் காரில் ஆறிக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் கிளம்பியாக வேண்டும் என்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கரைகளையும் ஆழக் கோடுகளையும் எழுத்துகளையும் முந்தின வாரமே தனியாக வரைந்து வைத்திருந்தேன். ஏரியின் நீலம் மட்டும்தான் பாக்கி. நடுத்தரம் போட்டுப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் அலை இருந்தது. பலம் போட்டேன். ஏரி கழுவித் துடைத்த தட்டுபோல் ஆகிவிட்டது. தீவுக்குத் தெற்கே மட்டும் ஒரு மங்கல் திட்டு. காபிக்கறைத் தாள்தானே, இதுவும் எவனோ சிந்தியதுதான் என்று மௌசால் நாலு தடவு தடவினேன். போய்விட்டது.

அசல் தாள் என் முதுகுக்குப் பின்னால், அடியில் விளக்கெரியும் ஒளிமேசைமேல், ஆறடி தூரத்தில் விரித்துக் கிடந்தது. ஒரு தடவை திரும்பியிருந்தால் போதும். நான் திரும்பவில்லை.

அதோடு விட்டேனா? ஓரத்தில் குறி விளக்கம் தட்டச்சு செய்யும்போது ஒரு வரி வந்தது. 'புள்ளியிட்ட பகுதி: ஊற்று, ஐஸ் உறுதியில்லை.' படத்தில் இல்லாத குறிக்கு விளக்கத்தில் இடமில்லை என்பது எங்கள் தொழிலின் பால பாடம். புள்ளியிட்ட பகுதி எங்கே என்று திரையில் தேடினேன். எங்கேயும் இல்லை. எப்படி இருக்கும், அதைத் துடைத்தவளே நான்தானே! மனசில் ஒரு முள் குத்தத்தான் செய்தது. பல ஏரிகளுக்கும் பொதுவாக எழுதி வைத்த வரியாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அந்த வரியையும் அழித்தேன். சுத்தமாக வேலை முடித்த திருப்தி வேறு. பாவி நான்.

பிழை பார்க்க வந்தது கார்டி. பனிவண்டிச் சங்கத்துக்கும் அவன்தான் செயலாளர். தாளில் அவன் கண் போன இடம் ஒன்றே ஒன்று, ஓரத்தில் மீன் படத்தோடு இருந்த அவன் கடை விளம்பரம்.

"மீன் கொஞ்சம் சின்னதா இருக்கே வெர்னா?"

மீனைப் பெரிதாக்கினேன். சரி பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். ஐஸ் கெட்டியானதும் டிசம்பர் கடைசி சனிக்கிழமை மத்தியானம் ஏரிமேல் நெருப்பு வளர்ப்போம். வரைபடம் மாறிய வருஷத்தில் பழைய தாளைக் கொண்டுவந்து நெருப்பில் போட்டால்தான் புதுத் தாள் கிடைக்கும். ஊரில் இரண்டு வரைபடம் இருந்தால் இரண்டு தடம் ஆகும், சண்டை வரும் என்று சங்கம் அப்படி வைத்திருந்தது. நான்தான் மேசை போட்டுப் புதுத் தாள்களைக் கொடுத்தேன்.

ஆர்வோவுக்கு எழுபத்திரண்டு வயது. சுரங்க வேலையிலிருந்து நின்றபின் வெளியூர்க்காரர்களை ஐஸ்மேல் மீன் பிடிக்கக் கூட்டிப்போவார். மனைவி இறந்து ஒன்பது வருஷம். கூட இருந்தது முஸ்தி என்கிற கறுப்பு நாய் மட்டும். மடிப்பெல்லாம் கிழிந்து, ஒட்டுப் போட்ட தன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெருப்பு முன்னால் யோசித்து நின்றார்.

"இது நல்லாத்தானேம்மா இருக்கு. எரிச்சுத்தான் ஆகணுமா?"

"புதுசு இதைவிடச் சுத்தம் ஆர்வோ. ஒரு அழுக்கு கிடையாது. நான் பாத்துப் பாத்துப் பண்ணினது."

"நீ பண்ணினதா? அப்ப சரி."

போட்டுவிட்டார். முஸ்தி என் கையை நக்கிவிட்டு அவர் பின்னால் ஓடியது.

ஜனவரி இருபத்துநாலு. காலையில் வெயில் அடித்த ஏரியில் பத்து மணிக்குப் பனிக்காற்று புகுந்துவிட்டது. எதிரில் நிற்கும் ஆள் தெரியாத வெள்ளை. ஆர்வோ தீவோரம் வண்டியை நிறுத்தி, வரைபடத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். தெற்கே ஏரி துடைத்து வைத்தாற்போல் இருந்திருக்கிறது. ஊற்று தீவுக்கு வடக்குப் பக்கமாகத்தான் இருக்கும், நமக்குத்தான் குழம்பிவிட்டது என்று நினைத்து நேராக விட்டிருக்கிறார். இருநூறு அடி போவதற்குள் ஐஸ் பிளந்துவிட்டது. பக்கத்தில் ஐஸ்மேல் போட்டிருந்த குடிலில் மீன் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சத்தம் கேட்டு ஓடிவந்து கயிறு போட்டு அவரை இழுத்தார்கள். முஸ்தி வண்டிக்குப் பின்னால் இழுத்துவந்த சறுக்குப் பெட்டியில் கட்டப்பட்டிருந்தது. அது மேலே வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கேள்விப்பட்டேன். தீவுக்குத் தெற்கே என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே, நான் துடைத்த அந்த மங்கல் திட்டு ஞாபகம் வந்தது. நேரே அச்சகத்துக்குப் போனேன். மேசை இழுப்பறையிலிருந்து எழுபத்தொன்றாம் வருஷத் தாளை எடுத்து ஒளிமேசையில் போட்டுப் பூதக்கண்ணாடியை வைத்தேன். ஏரியின் வெளிர்நீலப் புள்ளிகள் வரிசை வரிசையாக நின்றன. அவற்றின் நடுவே கொஞ்சம் பெரிய புள்ளிகள், கையால் வைத்தவை, ஒரு கூட்டமாக. எண்ணினேன், நாற்பத்தொன்று. தலை கிழக்கே, வால் மேற்கே. கோழிதான். வேறு என்ன சொல்ல முடியும், அப்பட்டமான கோழி.

தாளை மடித்து உள்ளே வைத்துப் பூட்டினேன். சங்கத்துக்காரர்கள் அந்த இடத்தைச் சுற்றி எச்சரிக்கையாகப் பழைய கிறிஸ்துமஸ் மரங்களை நட்டுவிட்டார்கள், இனி யாரும் விழப்போவதில்லை, நாயும் செத்தாயிற்று, சொன்னால் யாருக்கு என்ன லாபம் என்று கணக்குப் போட்டேன். கிளைட்டின் கடை போகும், என் வேலை போகும், டிரூடெல் செய்தால் தப்பு இருக்காது என்ற பேச்சும் போகும். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கடைசியைத்தான் என்னால் விட முடியவில்லை.

பிப்ரவரி கடைசியில் ஆர்வோ அச்சகத்துக்கு வந்தார். பத்து வயது கூடிப்போயிருந்தது. எப்போதும் காலை உரசிக்கொண்டு நிற்கும் நாய் இல்லாமல், வாசலில் பூட்ஸைத் தட்டிவிட்டு யாருக்கோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஞாபகம் வந்தவராகக் கதவைச் சாத்தினார்.

"ஒரு நோட்டீஸ் அடிக்கணும்மா. வீட்டுச் சாமான் விக்கிறேன். மார்ச் பதினாலு, சனிக்கிழமை."

"எதுக்கு ஆர்வோ?"

"என் பொண்ணு ஜூடித் கூப்பிடுறா. அவ வீட்டுப் பக்கத்துல, கிரீன் பே ஊர்ல, ஞாபகம் தப்பினவங்களை வச்சுப் பாத்துக்கற இடம் இருக்காம். அன்னிக்குச் சாயங்காலம் அதுல சேரக் கையெழுத்து. அப்புறம் வீட்டையும் விக்கப்போறோம்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"கடிகாரம் வரையச் சொன்னார், வரைஞ்சேன். அஞ்சு வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லுன்னார், நாலு சொன்னேன். உங்க வயசுக்கு இது போதும்னுதான் சொன்னார். அப்புறம் ஜூடித் கோழிக் கதையைச் சொன்னா. அதைக் கேட்டுட்டு அவர் எழுத ஆரம்பிச்சார் பாரு, நிறுத்தவே இல்லை." அவர் சிரிக்கப் பார்த்தார். "அவரைக் குத்தம் சொல்ல முடியாது. புதுத் தாளை நானே கண்ணாடி வச்சுப் பாத்தேன். ஏரி பூராப் புள்ளிதான். கோழியை மட்டும் காணோம். இல்லாததை இருக்குன்னு சத்தியம் பண்றவன் தனியா இருக்கலாமா? நாளைக்கு அடுப்பைப் பத்தவச்சுட்டு மறந்துட்டா?"

"யாருக்கும் மறக்கறதுதானே."

"மறந்தா பரவாயில்லைம்மா. இது மறதி இல்லை. கண்ணை மூடினா கோழி அப்படியே நிக்குது." அவர் மேசைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "நீ வரைபடக்காரி. பழைய தாளைக் கையில வச்சு வேலை செஞ்சவ. நீ சொல்லு. அதுல கோழி இருந்துச்சா, இல்லையா? நீ இல்லைன்னா நான் அதோட விட்டுடுறேன். இனிமே வாயே திறக்க மாட்டேன்."

இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. சாவி என் சட்டைப் பையில். அவர் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்லை ஆர்வோ" என்றேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார். "உனக்கும் இல்லையா. சரிம்மா."

சாமான் பட்டியலை வைத்துவிட்டுப் போனார். அதைத் தட்டச்சு செய்ய எனக்கு ஒரு வாரம் ஆனது. ஒவ்வொரு வரியாக என்னைக் கொன்றது அந்தப் பட்டியல். 'ஐஸ் துளைக்கும் கருவி, எழுபத்தெட்டில் வாங்கியது, பிடி மாற்றியது எண்பத்தொன்றில். பனிச்செருப்பு இரண்டு ஜோடி, ஐலி கையால் பின்னியது, அறுபத்துமூன்று குளிர்காலம். நாய்ப் படுக்கை, ஒன்று, தொண்ணூறு.' ஐலி அவர் மனைவி. எழுபத்தாறு சாமான். எதை எந்த வருஷம், யாரிடமிருந்து, என்ன பழுது என்று எல்லாம் எழுதியிருந்தார். இந்த மனுஷனுக்கா ஞாபகம் தப்பிவிட்டது! எனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லி, ஆமாம் தப்பிவிட்டது என்று நானே சொன்னதுபோல்தானே ஆயிற்று.

விற்பனைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலை, கிளைட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"திங்கக்கிழமை வரைக்கும் பொறு. வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்லலாம்."

"நாளைக்குச் சாயங்காலம் அவர் கையெழுத்துப் போடுறார் கிளைட்."

"வெர்னா, இது என் கடை. எங்கப்பா கடை."

"தெரியும். இங்க போறது கடை, ஆர்வோவுக்குப் போறது அவர் புத்தி."

நான் இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்துக்கொண்டேன். கிளைட் தடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஆர்வோ வீட்டுக்குப் போனேன். விற்பனை ஒன்பதுக்கு. அதற்குள் வாசல் பனியில் இருபது பேர் வரிசை கட்டி நின்றார்கள். முன்னால் கார்டி, அந்தத் துளைக்கும் கருவிமேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண். "என்ன வெர்னா, கோழி வாங்க வந்தியா?" என்றான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கதவைத் தட்டினேன்.

ஜூடித் திறந்தாள். தூக்கமில்லாத முகம். "இன்னும் நேரமாகலையே" என்றாள்.

"சாமான் வாங்க வரலை ஜூடித். உங்க அப்பாகிட்டப் பேசணும்."

சமையலறையில் எல்லாப் பொருளின்மேலும் ஆரஞ்சு நிறத்தில் வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. காபிப் பாத்திரத்தில், நாற்காலியில், சுவரில் தொங்கிய ஐலியின் படச்சட்டத்தில்கூட. ஆர்வோ இஸ்திரி போட்ட சட்டையோடு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்போல் இருந்தார்.

நான் தாளை அவர் முன்னால் விரித்து, தீவுக்குத் தெற்கே பூதக்கண்ணாடியை வைத்தேன். வரும் வழியெல்லாம் பேச்சைத் தயார் பண்ணியிருந்தேன்.

"பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தார். அவர் காது முதலில் சிவந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"ஜூடித்! இங்க வாடி! வந்து பாரு! தலை கிழக்க, வால் மேற்க! பாருடி உங்கப்பன் கோழியை!"

ஜூடித் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா" என்றாள். அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் பலம் போட்டது, கறை என்று தடவியது, விளக்கத்தில் அந்த வரியை அழித்தது, ஆறடி தூரத்தில் தாள் கிடந்தது, காரில் பாஸ்டி ஆறியது எல்லாம். எதையும் விடவில்லை. ஆர்வோ கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது.

"போகட்டும்மா. கை தவறறது யாருக்கும் வரும். எனக்குப் புத்தி போகலை, அது போதும்." அப்புறம், சாதாரணமாகத்தான் கேட்டார். "உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. நேற்றுத்தான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். என்னை எப்போதும் நம்பியவர்.

"நீங்க விழுந்த மறுநாள்."

சிரிப்பு மெல்லக் கரைந்தது. "அப்ப நான் கடைக்கு வந்து உன்னைக் கேட்டப்ப..."

"தெரியும். தாள் என் முழங்கால்கிட்டதான் இருந்துச்சு."

ஜூடித் எழுந்தாள். "நீயெல்லாம் ஒரு மனுஷியா? அவர் ராத்திரி எந்திரிச்சு அடுப்பு அணைஞ்சிருக்கான்னு அஞ்சு தடவை பாக்குறார், தெரியுமா உனக்கு? தன் பேரைத் தானே எழுதிப் பாக்குறார்!"

"விடு ஜூடித்" என்றார் ஆர்வோ.

அவர் எழுந்து சுவர்ப் பக்கம் போனார். ஐலியின் படச்சட்டத்திலிருந்து ஆரஞ்சு ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அடுத்து காபிப் பாத்திரத்தில் இருந்ததை. அடுத்து நாற்காலி. உரித்ததையெல்லாம் இடது புறங்கையில் வரிசையாக ஒட்டிக்கொண்டார். சும்மா நிற்க முடியாமல் நான் பக்கத்து அலமாரியில் கை வைத்தேன்.

"நீ தொடாதே" என்றார்.

கையை எடுத்துக்கொண்டேன்.

மூலையில் நாய்ப் படுக்கை இருந்தது. அதன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து அந்த ஸ்டிக்கரையும் உரித்தார். எனக்கு முதுகைக் காட்டியபடியே பேசினார்.

"முஸ்திக்குத் தெரியும். அன்னிக்குத் தீவைத் தாண்டினதும் பெட்டியிலேருந்து குதிச்சு நின்னுடுச்சு. வர மாட்டேன்னு ஒரே குரைப்பு. நான் வண்டியை விட்டு இறங்கி, தாளை இன்னொரு தடவை பாத்தேன். அதைத் திட்டினேன், கிழட்டு நாயே, உனக்கும் புத்தி கெட்டுப் போச்சான்னு. தூக்கிப் பெட்டியில போட்டு நான்தான் கட்டினேன்." உரித்த ஸ்டிக்கரைப் புறங்கையில் ஒட்டிக்கொண்டார். "நாய் சொன்னதை விட்டுட்டு நீ சொன்னதைக் கேட்டேன் வெர்னா."

அவர் சத்தம் போட்டுத் திட்டியிருக்கலாம். என்னைத் தள்ளி வெளியேற்றியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. ஜூடித் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். வெளியே ஆட்கள் கால் மாற்றி மாற்றி நின்று பனியை மிதிக்கும் சத்தம் கேட்டது. மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது.

"தாளை வச்சுட்டுப் போ" என்றார் ஆர்வோ. "வெளியில நிக்கறவங்ககிட்ட விற்பனை இல்லைன்னு சொல்லிடு. ஏன் இல்லைங்கறதையும் நீயே சொல்லு."

கதவைத் திறந்து வாசற்படியில் நின்றேன். வரிசை தெருவரைக்கும் போயிருந்தது. எல்லாம் தெரிந்த முகம். சர்ச்சில், கடையில், நெருப்பு விழாவில் என் கையால் தாள் வாங்கிய முகங்கள். கூட்டத்தின் கடைசியில் கிளைட்டும் நின்றிருந்தார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

"என்ன, ஆரம்பிக்கலாமா?" என்றான் கார்டி.

"விற்பனை இல்லை. ஆர்வோ எங்கயும் போகலை."

"ஏன், என்ன ஆச்சு அவருக்கு?"

"அவருக்கு ஒண்ணும் ஆகலை. கோழி இருந்துச்சு. அதை அழிச்சது நான்."

பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை போலும். என்னது, என்னது என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். "சத்தமாச் சொல்லு வெர்னா!" என்று யாரோ கத்தினார்கள்.

இன்னொரு தடவை, தெருமுனைவரை கேட்கும்படி சொன்னேன்.